ஜெனீவாவுக்கு முன்னால் விருத்தாசலம்

வாசகர் கேள்வி:

"கிள்ளைப் பக்கம் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவன் நான். பி.காம். முடித்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் அத்தையும் மாமாவும் ஒரு மேஸ்திரியிடம் 25,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, விருத்தாசலம் தாண்டி ஒரு இடத்துக்கு வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) வெட்டிக் கரிமூட்டம் போடப் போனார்கள். இப்போது கணக்கு நோட்டில் 62,000 பாக்கி என்கிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்கு வரக் கேட்டபோது, 'பையன இங்க விட்டுட்டுப் போயிட்டு வாங்க' என்று அத்தை மகனை நிறுத்திக்கொண்டார்கள். நான் மேஸ்திரியைக் கேட்டேன். 'யாரையும் கட்டிப்போடல, கையில போன் இருக்கு, கடனக் குடுத்துட்டு தாராளமா கூட்டிட்டுப் போ' என்றார். புதுச்சேரியில் ஒரு பயிற்சி முகாமில், பழங்குடிகளுக்கென்று, ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 169ஆம் உடன்படிக்கை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை வைத்து நேராக ஜெனீவாவுக்கு மனு அனுப்பலாமா? எங்களில் பலருக்கு எஸ்.டி. சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் எங்கும் போக முடியாது என்கிறார்களே, உண்மையா? அப்பா பிச்சாவரம் வாய்க்கால்களில் இறால் பிடிக்கிறார். அங்கேயும் அவ்வப்போது விரட்டுகிறார்கள்."

பதில்:

தம்பி, ஜெனீவா கொஞ்சம் இருக்கட்டும். அத்தை மகனுக்கு என்ன வயது? அதை நீங்கள் எழுதவில்லை. 18 நிறையாத பையன் என்றால் இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டு 1098க்குப் போன் போடுங்கள். வேலைக்காகக் குழந்தையைக் கொத்தடிமையாக வைத்திருந்தால், சிறார் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளையைப் பிணையாக வைப்பது, மிக மோசமான குழந்தை உழைப்பு என்று ஐ.எல்.ஓ.வின் 182ஆம் உடன்படிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடும் வகைகளில் ஒன்று. அதில் இந்தியா 2017இல் சேர்ந்துவிட்டது. பையன் பெரியவனாகவே இருந்தாலும், பொங்கலுக்கு அவனை நிறுத்திவைத்தது உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான சாட்சியம். ஏன் என்று சொல்கிறேன்.

'கட்டிப்போடல' என்பது மேஸ்திரிகள் எல்லோரும் சொல்லும் பதில்தான். சில சமயம் விசாரணைக்குப் போகும் அதிகாரிகளும் இதையே சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். பூட்டு இல்லை, வேலி இல்லை, ஆள் சிரித்த முகமாக இருக்கிறான், ஆகவே கொத்தடிமை இல்லை என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. முன்பணம் போன்ற ஒரு கடமைக்காக நான்கில் ஏதாவது ஒன்றை ஒருவர் இழந்திருந்தால் போதும் என்கிறது. கூலியே இல்லாமல் அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைப்பது ஒன்று. வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பது இன்னொன்று. நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாமல் இருப்பது மூன்றாவது. தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியாதது நான்காவது. ஊருக்குப் போக வேண்டுமானால் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போ என்றால் மூன்றாவது அங்கேயே நிறைவேறிவிட்டது. கையில் போன் இருப்பதால் எதுவும் மாறிவிடாது.

பெயரளவுக் கூலி என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்கிறது: அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உள்ள எதுவும். இங்கேதான் கரிமூட்டத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கூலி மூட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள். ஆனால் வேலை மூட்டையோடு முடிகிறதா? மரம் வெட்டி, துண்டு போட்டு, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைத்தபின், உள்ளே புகைந்துகொண்டிருக்கும் அத்தனை நாளும் ராத்திரியில் யாராவது முழித்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். மேல்மண் எங்காவது வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். சாம்பலானால் அந்த நஷ்டமும் உங்கள் மாமாவின் நோட்டில்தான் ஏறும். கணவன் பேரில் ஒரு கூலி எழுதி, மனைவியின் உழைப்புக்கு ஒன்றுமே எழுதாமல் விடுவதும் நடக்கிறது. ஆகவே அத்தையோடு பேசும்போது எத்தனை மூட்டை என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், ராத்திரி யார் முழித்திருந்தது, சாப்பாட்டுக்கு வாராவாரம் கையில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். 25,000 எப்படி 62,000 ஆனது என்ற கதையும் அதற்குள்ளேயே கிடைக்கும்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. பசியும் வறுமையும் தள்ளிக்கொண்டு போவதும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அடுத்து, அந்த 62,000. அதைத் திருப்பிக் கொடுக்க யாரிடமும் கடன் வாங்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். ஏனென்றால் படித்த பிள்ளைகள்தான் மானத்துக்குப் பயந்து வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார்கள். கொத்தடிமைக் கடன் அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. செல்லாத கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று 9ஆம் பிரிவும், அப்படிப்பட்ட முன்பணத்தைக் கொடுத்ததே குற்றம் என்று 17ஆம் பிரிவும் சொல்கின்றன. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் பணம் கொடுத்தவர் தலையில்தான். அது 15ஆம் பிரிவு. 'கடனக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போ' என்று மேஸ்திரி சொன்ன தேதி, இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். தாராளமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் தன் வாயாலேயே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

இனி உங்கள் 169க்கு வருகிறேன். ஐ.எல்.ஓ. அதை 1989இல் நிறைவேற்றியது. 1991இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஆவணம். அதன் 20ஆம் பிரிவைப் படித்தால் உங்கள் அத்தையைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று தோன்றும். பருவகால வேலைக்குப் போகிறவர்கள், தினக்கூலிகள், வெளியூர் போய் உழைப்பவர்கள், மேஸ்திரி மூலம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. கொத்தடிமை முறை, கடனைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது போன்றவற்றுக்குப் பழங்குடி மக்கள் ஆளாகக் கூடாது என்கிறது. அவர்கள் கூலிக்கு வேலை செய்யும் இடங்களில் தொழிலாளர் ஆய்வாளர்கள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. ஆனால் இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. தெற்காசியாவில் ஏற்றுக்கொண்ட நாடு நேபாளம் மட்டும்தான், 2007இல். இந்நாட்டு மக்கள் அனைவருமே மண்ணின் மைந்தர்கள், அதில் ஒரு பிரிவை மட்டும் தனித்துக் காட்ட முடியாது என்பது நம் அரசு ஐ.நா.வில் நெடுநாளாகச் சொல்லிவரும் நிலை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தியாவைக் கட்டுப்படுத்தாத உடன்படிக்கையை மனுவின் முதல் வரியில் வைத்தால், அரசு வழக்கறிஞருக்கு எழுந்து நிற்பதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பயிற்சி முகாமில் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். 169க்கு முன்னால் 107 என்று ஒன்று இருந்தது. 1957இல் வந்தது. இந்தியா 1958இலேயே அதை ஏற்றது. பழங்குடிகளைப் பொதுச் சமூகத்தில் கரைத்துவிடுவதே முன்னேற்றம் என்ற அந்தக் காலத்து நினைப்பு அதில் நிறைய உண்டு. அதனால்தான் 169 தேவைப்பட்டது. புதிதாக எந்த நாடும் 107இல் சேர முடியாதபடி கதவும் மூடியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகளை அது இன்றும் கட்டுப்படுத்துகிறது. கூலி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பழங்குடி மக்களிடம் கட்டாய வேலை வாங்கக் கூடாது, வாங்கினால் தண்டிக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. சம வேலைக்குச் சமக் கூலியும் சங்கம் வைக்கும் உரிமையும் 15இல் இருக்கின்றன. வழிவழியாக இருந்துவரும் நிலத்தின் மீது அவர்களின் உடைமை உரிமையை 11 அங்கீகரிக்கிறது. பழைய சட்டைதான். ஆனால் நம் அளவுக்குத் தைத்தது இப்போதைக்கு அது ஒன்றுதான். அதோடு கட்டாய உழைப்பு பற்றிய 29, 105, வேலையில் பாகுபாடு பற்றிய 111 ஆகியவையும் இந்தியா ஏற்றவையே.

இவை நம் நீதிமன்றங்களில் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் விவகாரத்தில், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. அந்தத் தீர்ப்பு 107ஐயும் 169ஐயும் பேசுகிறது. பிறகு கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஆக, மனுவின் கடைசிப் பத்தியில் இந்த எண்களுக்கு ஓர் இடம் உண்டு.

நேராக ஜெனீவாவுக்கு அனுப்பலாமா என்றால், தனி ஆளாக முடியாது. ஐ.எல்.ஓ. தனிநபர் மனுக்களை எடுப்பதில்லை. அங்கே கதவைத் தட்டும் உரிமை அரசுக்கும் முதலாளிகள் அமைப்புக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும்தான். சங்கத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைகள் எப்படி நடக்கின்றன என்று அரசு அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும். அதன்மேல் தொழிற்சங்கம் தன் கருத்தை எழுதலாம். செப்டம்பர் 1க்குள் போய்ச் சேர்ந்தால், ஆண்டு இறுதியில் கூடும் நிபுணர் குழு அதைப் பார்க்கும். மற்றொன்று, ஐ.எல்.ஓ. அமைப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் முறையான புகார். இரண்டுமே வருடக்கணக்கில் இழுக்கும். சர்தார் சரோவர் அணையால் இடம்பெயர்ந்த பழங்குடிகள் பற்றி 107இன் கீழ் நிபுணர் குழு இந்தியாவிடம் பல வருடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. அணை எழுந்துகொண்டே இருந்தது. உங்கள் அத்தை அவ்வளவு காலம் அங்கே இருக்க முடியாது. ஆனால் கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இப்படி எத்தனை குடும்பம் போயிருக்கிறது, எத்தனை பேருக்கு விடுவிப்புச் சான்றிதழ் (கொத்தடிமையிலிருந்து மீட்டதாக அதிகாரி தரும் சான்று) கிடைத்தது என்று திரட்டினால், அது சங்கம் மூலம் ஜெனீவாவுக்குப் போக வேண்டிய சரக்கு. கணக்குப் படித்த நீங்கள் அதைச் செய்யலாம். அவசரமில்லாமல் செய்யலாம்.

அவசரமானது விருத்தாசலம். கரிமூட்டம் எந்தக் கோட்டத்தில் நடக்கிறதோ அந்த வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.தான் கொத்தடிமைச் சட்டத்தில் உங்களுக்கு முதல் ஆள். கலெக்டருக்கு ஒரு நகல் கட்டாயம். மனுவை நீளமாக எழுத வேண்டாம். யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, இடத்துக்கு எப்படிப் போவது, அட்வான்ஸ் எப்போது எவ்வளவு, வாரக் கூலி என்ன, பொங்கலுக்கு நடந்தது என்ன, இப்போது எவ்வளவு கேட்கிறார்கள் என்பவை போதும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள். மனு உள்ளே போன செய்தி மேஸ்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதிகாரிகள் இடத்துக்குப் போக வேண்டும். தாமதமானால் ராவோடு ராவாகக் குடும்பத்தை வேறு மாவட்டத்துக்கு ஏற்றிவிடுவார்கள். விசாரணையை அந்த இடத்தில், மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்தக் கூடாது. தனியே கூட்டிவந்து ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கோட்டத்திலும் ஒரு விழிப்புக் குழு வைக்கச் சொல்கிறது. மாவட்டக் குழுவில் எஸ்.சி., எஸ்.டி. மக்களில் மூன்று பேர் இருக்க வேண்டும். அது கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டு வையுங்கள். பதில் எதுவானாலும் உபயோகப்படும்.

காவல் நிலையத்தில் கொத்தடிமைச் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிட விடாதீர்கள். அதில் அபராதம் 1976இல் போட்ட அதே 2,000 ரூபாய். ஒரு லோடு கரியில் எடுத்துவிடுவார்கள். பழங்குடியினரைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முன்ஜாமீன் கிடையாது. மேஸ்திரியும் அவருக்கு மேலே இருப்பவரும் இதைக் கேட்டால்தான் வக்கீலைத் தேடுவார்கள்.

இங்கேதான் சான்றிதழ் கேள்வி வருகிறது. கொத்தடிமை மீட்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம். அந்தச் சட்டம் எந்தச் சாதிக்காரருக்கும் பொருந்தும். வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. வழக்கு கோர்ட்டுக்குப் போகும்போது இனத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு வேலையையும் சேர்த்தே நடத்துங்கள். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை. கோட்ட அளவில் தருவது. உங்களுக்கு அது சிதம்பரம் சப் கலெக்டர் அலுவலகம். அப்பாவிடம் சான்றிதழ் இல்லையே என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினால், அதையே எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். நெருங்கிய ரத்த உறவில் யாரிடம் இருந்தாலும் நகலை இணையுங்கள். உறவுக்காரர் பாகூர் பக்கம் இருந்தால் அவர்கள் கதை வேறு. புதுச்சேரிக்கு எஸ்.டி. பட்டியல் என்று ஒன்று வந்ததே 2016 டிசம்பரில்தான், அதில் இடம்பெற்றது இருளர். அதுவரை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் இல்லை என்ற கூத்து நடந்துகொண்டிருந்தது. நிபுணர் குழுவுக்குச் சங்கம் எழுதும் நாளில் இதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

வக்கீல் செலவு பற்றிக் கவலை வேண்டாம். எஸ்.டி. என்றாலும், கட்டாய உழைப்பால் பாதிக்கப்பட்டவர் என்றாலும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அப்பாவின் இறால் விஷயம் தனி மனு, இதோடு கலக்காதீர்கள். வாயில் பறியை (இறால் போடும் கூடை) கவ்விக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கும் அந்த வேலையை, காட்டு நீர்நிலையில் மீன் எடுக்கும் சமூக உரிமையாக 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(1)(டி) பிரிவில் ஒப்புக்கொள்கிறது. எஸ்.டி. என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்தக் காட்டை நம்பி அங்கே வாழ்கிறார்கள் என்று காட்டினால் போதும். எஸ்.டி. அல்லாதவர் என்றால் 75 ஆண்டு காட்ட வேண்டும். சான்றிதழ் உண்மையில் கழுத்தைப் பிடிக்கும் இடம் இதுதான். கிள்ளை பேரூராட்சி ஆயிற்றே, கிராம சபை ஏது என்று கேட்பார்கள். பழைய குடியிருப்பையும் கிராமமாகக் கொள்ள அந்தச் சட்டத்தின் 2(p) பிரிவில் வழி இருக்கிறது. பெண்கள் உள்பட எல்லோரும் கூடித் தீர்மானம் போட வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்று. அத்தையிடம் பேசினீர்களா? கடிதத்தில் உங்கள் குரல் இருக்கிறது, மேஸ்திரியின் குரல் இருக்கிறது, அத்தை என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. வெளியே வந்தால் எங்கே தங்குவது, அடுத்த வாரம் அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் அவருக்குக் கேள்வியாக இருக்கும். மீட்டுவிட்டு மறுவாழ்வு தராமல் விட்டால் மறுபடி அடிமைத்தனத்துக்கே தள்ளுவதாகும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வராமலே பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உடனடி உதவியாகக் கிடைக்க வேண்டிய 30,000 ரூபாய் வரையிலான தொகையும் வராது, பின்னால் வர வேண்டிய மறுவாழ்வுத் தொகையும் வராது. மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம். மாமா பேரில் ஒரே சான்றிதழாகப் போட்டுக் கொடுக்கப் பார்ப்பார்கள். அத்தைக்குத் தனியாக, பையனும் வேலை செய்திருந்தால் அவனுக்கும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருளர் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ள ஆறு சமூகங்களில் ஒன்று. அதனால் பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அது கைகூடுவதற்குள் முதல் சில மாதம் ஓட்ட உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா, அப்பாவோடு மாமாவும் வாய்க்காலில் இறங்க முடியுமா என்பதை அத்தையோடு உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு, பிறகு விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறுங்கள்.